கண்மாய்க்குப் புத்தி சரியில்லை என்று ஒரு வழக்கு

கண்மாய் மறுபடியும் அழைத்தது. சுகந்தி செல்போனைப் பார்த்தாள், எடுக்கவில்லை. பள்ளிக்கூடக் கழிப்பறைக்குக் கதவு மாட்ட வந்த ஆசாரி, கதவு உள்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாட்டிவிட்டிருந்தார். கதவைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. ஆள் நின்றால் கதவைச் சாத்த வழியில்லை. அந்தத் தகராறு நடந்துகொண்டிருந்தது. போன் ஓய்ந்தது. மூச்சு விடுவதற்குள் திரும்ப அடித்தது.

“எடுங்க தலைவரே, அது விடாது,” என்றார் ஆசாரி, தன் மேலிருந்த பார்வை வேறு பக்கம் திரும்பினால் போதும் என்று.

எடுத்தாள்.

“தலைவரே, ரெண்டாம் மடைக்கிட்ட ஒருத்தன் பூச்சிமருந்து கேனைக் கழுவிக்கிட்டு நிக்கிறான். என்னன்னு வந்து கேளுங்க.”

“யாரு?”

“மொகம் தெரியலை. தண்ணிக்குள்ள இருந்து பாக்குறேன், காலுதான் தெரியுது. இடது கால்ல பித்தவெடிப்பு.”

“ஊர்ல பாதிப் பேருக்குப் பித்தவெடிப்பு இருக்கு.”

“அப்பப் பாதிப் பேரைக் கூப்பிட்டு விசாரிங்க.”

சுகந்தி போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். போகிற வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். வேறு யாரைத் திட்டுவது? சேமனேந்தல் கண்மாய்க்கு வாய் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

அந்தக் கண்மாயைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். முள்ளுக்காடாகக் கிடந்த இடம் அது. சீமைக்கருவேலம் அடர்ந்து, உள்ளே போன ஆடு திரும்பி வராது. ஊராட்சித் தலைவியாக வருவதற்கு முன்பே பெண்களைச் சேர்த்துக்கொண்டு முள்ளை வெட்டினாள். தண்ணீர் வந்து சேரும் வரத்துக்காலைத் தோண்டினாள். கரையில் பந்தல் போட்டு உட்கார்ந்து, ‘கம்மாயும் ஓர் உயிர்’ என்று கோஷம் போட்டாள். இதே மாதிரி பல மாவட்டங்களில் பலர் போட்ட கோஷம் கடைசியில் சட்டமாக வந்தது. நீர்நிலை ஆளுமைச் சட்டம். ஏரி, குளம், கண்மாய் எல்லாம் சட்டத்தின் முன் இனி ஆட்கள். அவற்றுக்குச் சொத்து உண்டு, வழக்குப் போடும் உரிமை உண்டு, கிராம சபையில் ஒரு ஓட்டும் உண்டு. பேசாத ஆளுக்கு எப்படி ஓட்டு என்று கேட்டவர்களுக்கு, பேசவைக்கும் பெட்டியை அனுப்பினார்கள்.

பெட்டியைப் பொருத்த வந்த பொறியாளர் ஷெரின் பாத்திமா சின்ன வயசுக்காரி. ஊரே கூடி நின்று வேடிக்கை பார்த்தது.

“தண்ணிக்குள்ள, கரையில, வரத்துக்கால்ல எல்லாம் சென்சார் பதிச்சிருக்கோம்,” என்று அவள் விளக்கினாள். “தண்ணி எவ்வளவு நிக்குது, எவ்வளவு சூடு, எந்த மீன் எங்க கிடக்குது, எந்தப் பறவை எங்க மேயுது, எல்லாம் அதுக்குத் தெரியும். தனக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு அதுவா முடிவு பண்ணும்.”

“தமிழ் பேசுமா?”

“பேசும். ஆனா உங்க பேச்சை உங்ககிட்ட இருந்துதான் கத்துக்கணும். கரையைச் சுத்தி நாலு எடத்துல மைக் இருக்கு. வந்து பேசுங்க.”

யாரும் வந்து பேசியதாகச் சுகந்திக்குத் தெரியவில்லை. ஆனால் அது எப்படியோ கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. மீன் ஏலத்துக்கு ஆட்சேபணை. குஞ்சு பெருகவில்லையாம், ஒரு வருஷம் பொறுக்க வேண்டுமாம். முளைப்பாரி கரைக்கச் சம்மதம், ஆனால் பிளாஸ்டிக் சட்டியோடு வந்தால் சம்மதமில்லை. மாடு குளிப்பாட்ட ஒரே ஒரு துறைதான். ‘நல்லாக் கெடந்த கம்மாயை வாயாடியாக்கி விட்டுட்டா’ என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் டம்ளர் கழுவிய தண்ணீரை வாய்க்காலில் விட்டதற்கும் கண்மாய் புகார் கொடுத்திருந்தது.

இதையெல்லாம்கூடச் சுகந்தி தாங்கிக்கொண்டாள். நல்ல மழை பெய்த ஐப்பசியில் வந்ததுதான் பெரிய வினை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தபோது கண்மாய் ஒரு தாக்கீது அனுப்பியது. தன்னுடைய முழுக் கொள்ளளவுக்குத் தண்ணீர் நிறுத்த வேண்டும். உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலுங்கின் மேல் பலகை போட்டு அடைக்க வேண்டும். அதற்குத் தடையாக இருப்பது எதுவாக இருந்தாலும் அப்புறப்படுத்த வேண்டும்.

தடையாக இருந்தது வடக்குத் தெரு.

வடக்குத் தெரு கண்மாயின் உள்வாயில், தண்ணீர் நிற்கிற பரப்புக்குள்ளேயே இருந்தது. வெகு காலத்துக்கு முன்பு அந்த மக்களுக்கு வீட்டுமனை கொடுக்க அரசாங்கம் இடம் தேடியபோது, ஊரில் ஒருவரும் ஒரு சென்ட் விற்கச் சம்மதிக்கவில்லை. அதிகாரிகள் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, முள் மண்டிக் காய்ந்து கிடந்த கண்மாயின் வடக்கு மூலையில் கோடு போட்டுப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கண்மாய் அப்போது ஆட்சேபிக்கவில்லை. அதற்கு அப்போது வாயில்லை.

தாக்கீது வந்த மறுநாள் வடக்குத் தெரு வார்டு உறுப்பினர் பஞ்சவர்ணம் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்தாள். சுகந்தியைவிட நாலைந்து வயது மூத்தவள். தையல் மிஷின் வைத்திருந்தாள். கூட்டத்தில் எந்தத் தீர்மானத்தையும் சுலபமாக நிறைவேற்ற விடமாட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“மெம்பரு, நான் என்ன செய்யட்டும்? சட்டம் அதுக்குச் சாதகமா இருக்கு,” என்றாள் சுகந்தி.

“சட்டத்தை யாரு கொண்டுவந்தது?”

“நான் ஒருத்தியா கொண்டுவந்தேன்?”

“கரையில பந்தல் போட்டது யாரு? எங்க தெருப் பொம்பளைகளையும் கூட்டிட்டுப் போயி உக்கார வச்சீக. ‘கம்மாயும் ஓர் உயிரு’ன்னு நானும்தான் தொண்டை கட்டுற வரைக்கும் கத்துனேன். எங்க உசிரு அதுல சேத்தி இல்லைன்னு அப்பச் சொல்லலையே தலைவரே.”

சுகந்திக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அதன் பிறகு அவள் அலையாத இடம் இல்லை. தாலுகா அலுவலகத்தில் மாற்று இடம் இருப்பதாகச் சொன்னார்கள். போய்ப் பார்த்தாள். நகராட்சிக் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில், பஸ் போகாத பொட்டல். நின்று பார்க்கும்போதே புகை கண்ணைக் கரித்தது. ஊருக்குக் கிழக்கே கண்மாயை ஒட்டி ஒரு மேடு சும்மாதான் கிடந்தது. அது பாசனதாரர் சங்கத் தலைவர் ராஜாங்கத்துக்குச் சொந்தம். ராஜாங்கம் சுகந்தியின் கணவருக்கு அண்ணன். வீட்டுக்கே போய்க் கேட்டாள்.

“பெரியத்தான், சும்மா கேக்கலை. அரசாங்கம் விலை குடுக்கும்.”

“அது சாமிக்கு விட்ட எடம்த்தா.”

“எந்தச் சாமிக்கு? அங்க ஒரு கல்லுகூட இல்லையே.”

“இனிமே வைக்கணும்,” என்றார் ராஜாங்கம், கொஞ்சமும் கூசாமல்.

சட்டம் வந்த புதிதில், ‘கம்மாய்க்கு ஓட்டா? நாளைக்கு எருமை மாட்டுக்கும் குடுப்பீக’ என்று சிரித்தவர் அவர். இப்போது கரையில் போகும்போது பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தோளில் பச்சைத் துண்டு ஏறியிருந்தது. இயற்கையைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. “நம்ம ஆசைக்காக ஒரு உசிரோட உடம்புல குடியிருக்கலாமா? நீயே சொல்லு,” என்று கேட்பார். தண்ணீர் முழுசாக நின்றால் கடைமடை வரைக்கும் இரண்டாம் போகம் விளையும். வடக்குத் தெருவும் கண்ணில் படாது. இயற்கையின் மேல் அவ்வளவு பாசம் வருவதற்கு இது போதாதா?

வெயில் ஏறிய ஒரு முற்பகலில் சுகந்தி நேராக மடைக்குப் போனாள். பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

“உனக்கு எதுக்கு அந்த மூலை? இம்புட்டுப் பெரிய உடம்பு இருக்குல்ல?”

“ஒங்களுக்குச் சுண்டு விரல் எதுக்குன்னு நான் கேட்டேனா?” என்றது கண்மாய். “அந்த மூலையிலதான் தண்ணி சப்பையா நிக்கும். அந்தச் சேத்துலதான் உள்ளான் மேயும். கடல் தாண்டி வர்ற குருவி தலைவரே அது. எறங்க எடம் இல்லாம வருசா வருசம் வட்டம் போட்டுட்டுப் போயிருது.”

“குருவி எறங்குறதுக்கு மனுசரைக் கெளப்புறியா? பாவ புண்ணியம் இல்லையா ஒனக்கு?”

“அதை அளக்க எனக்குச் சென்சார் வைக்கலை.”

“அந்தச் சனம் எங்க போகும்?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். எங்க போகும்?”

“எகத்தாளமாப் பேசாத!”

“எகத்தாளம் இல்லை. தாக்கீது அனுப்புன நாளா எல்லார்கிட்டயும் கேக்குறேன். ஒங்க பெரியத்தான்கிட்டக் கேட்டேன். தாலுகா ஆபீசுக்கு எழுதிக் கேட்டேன். எங்க போவாகன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாக. நீங்களாவது சொல்லுங்க.”

சுகந்திக்குத் தலைக்குள் ஏதோ அறுந்தது போலிருந்தது. ஊரில் இருக்கிற மனிதர்கள் பற்றாதென்று ஒரு நீர்நிலையும் அவளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறது. “ஒயரைப் பிடுங்கி எறிஞ்சிருவேன் பாத்துக்க,” என்று கத்தினாள்.

“அது கொலைக் கேசு தலைவரே,” என்றது கண்மாய்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. கண்மாய்த் தண்ணீரில் பயிர் செய்யும் ஆயக்கட்டு விவசாயிகள் முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள். வடக்குத் தெரு மக்கள் பின்னால் நின்றார்கள். கண்மாய்க்காக மேடையில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தது. அதற்கு யாரோ மாலை போட்டிருந்தார்கள். யார் என்று விசாரிக்கத் தேவையில்லை.

ராஜாங்கம் எழுந்து வெகுநேரம் பேசினார். கண்மாய் நம் எல்லாருக்கும் தாய் என்றார். தாய் தன் பிள்ளைகளிடம் கேட்பது தன்னுடைய இடத்தை மட்டும்தான் என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கைதட்டல் ஓய்ந்ததும் சுகந்தி சலிப்போடு ஸ்பீக்கரைப் பார்த்து, “நீ என்ன சொல்ற?” என்றாள்.

“நான் தாக்கீதைத் திரும்ப வாங்கிக்கிறேன்,” என்றது கண்மாய்.

முன்வரிசைத் தலைகள் ஸ்பீக்கர் பக்கம் திரும்பின.

“எம் தண்ணிக்குப் போற எடம் தெரியும். மடை தொறந்தா வயலுக்குப் போகும், கலுங்கு வழிஞ்சா அடுத்த கம்மாய்க்குப் போகும். வடக்குத் தெருச் சனத்துக்குப் போற எடம் எதுன்னு எல்லார்கிட்டயும் கேட்டேன். சொல்ல ஆளில்லை. போக எடம் இல்லாததைத் தள்ளிவிட்டா அதுக்குப் பேரு வெள்ளம். நான் கம்மாய். வெள்ளம் இல்லை.”

“அப்ப வெவசாயம்?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அந்த மூலை எனக்கு ஒரு முழ ஆழம்தான். அங்க நிக்கிற தண்ணி பாதி வெயில்லயே போயிரும். அதுக்குப் பதிலா நடுவுல என்னைத் தோண்டுங்க. எடுத்த வண்டலை வடக்குத் தெருவுல கொட்டி மேடு போடுங்க. அந்த மேடு அவுகளுக்கு. நான் எழுதிக் குடுக்குறேன். தோண்டணும்னா நான் காஞ்சு கெடக்கணும். இருக்கிற தண்ணியைத் தொறந்து விட்டுட்டு ஒரு போகம் எல்லாரும் தரிசாப் போடுங்க.”

அவ்வளவுதான். நாற்காலிகள் விழுந்தன. பச்சைத் துண்டு ஒன்று காற்றில் பறந்தது. “ஒரு போகம் தரிசா? எவன் சொத்துல எவன் தானம் பண்றது?” என்று ராஜாங்கம் கத்தினார். “தன்னோட சொத்தைத் தானே அள்ளிக் குடுக்குதுன்னா, அதுக்குக் கிறுக்குத்தான் பிடிச்சிருக்கு!”

வடக்குத் தெருக்காரர்களும் குதிக்கவில்லை. இது நடக்கிற காரியமா என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓட்டெடுப்பில் தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் நிறைவேறியது. அந்த ஓட்டு கண்மாயுடையது என்று ஊரே பேசியது. சுகந்திக்கு அது தன்னுடையதாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. தரிசாகப் போகிற நிலத்தில் அவர்களுடையதும் இருந்தது.

ராஜாங்கம் கோபத்தில் சொன்ன வார்த்தையை அவருடைய வக்கீல் பிடித்துக்கொண்டார். சட்டத்தின் முன் கண்மாய் ஓர் ஆள். ஓர் ஆள் தன் சொத்தைத் தனக்கே கேடாக அள்ளிக் கொடுத்தால், அந்த ஆளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று வழக்குப் போடலாம். காப்பாளர் ஒருவரை நியமிக்கச் சொல்லிக் கேட்கலாம். காப்பாளராகப் பாசனதாரர் சங்கத் தலைவரையே போடும்படி மனுவில் கேட்டிருந்தார்கள். கண்மாய்க்குப் பைத்தியம் என்று வழக்கு நடப்பதைப் பார்க்க வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள்.

முக்கியச் சாட்சி சுகந்தி. அழைப்பாணை வந்த அன்றே ராஜாங்கம் வீட்டுக்கு வந்தார். சுகந்தியின் கணவர் தமிழரசன் வீட்டோடு இருந்த மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர், தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஒன்னைப் பொய் சொல்லச் சொல்லலைத்தா,” என்றார் ராஜாங்கம். “நீ வாயெடுத்தாச் சொல்றதைத்தான் அங்கயும் சொல்லச் சொல்றேன். ‘இந்தக் கம்மாயோட மல்லுக்கட்ட முடியலை, இதுக்கு என்ன கிறுக்கா’ன்னு நீ எத்தனை வாட்டி சொல்லியிருக்க? எனக்குத் தெரியாதா, ஊருக்குத் தெரியாதா?”

சொல்லியிருந்தாள். ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில்கூடச் சொல்லியிருந்தாள்.

நீர்நிலைத் தீர்ப்பாயம் மதுரையில் இருந்தது. நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருக்கும் ஒரு பெண்மணி. ராஜாங்கத்தின் வக்கீல் முதலில் கண்மாயின் பேச்சைப் போட்டுக் காட்டினார். பிறகு பஞ்சவர்ணம் கிராம சபையில் பேசிய பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். நீதிமன்றத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். அதே இழுப்பு. பேச்சின் முடிவில் கேள்வியைத் திருப்பி எதிராளியிடமே தள்ளிவிடும் அதே குணம். இத்தனை நாளும் தன்னோடு போனில் சண்டை போட்டது யாருடைய சாயல் என்று சுகந்திக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷெரின் பாத்திமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

“நாலு மைக்குல மூணு மைக் பக்கம் யாரும் வந்து பேசுறதில்லைங்க மேடம்,” என்றாள் அவள். “புகார் சொல்ல மட்டும்தான் வருவாங்க. வடக்கு மூலை மைக் துணி துவைக்கிற கல்லுப் பக்கத்துல இருக்கு. அந்தத் தெருப் பெண்கள் அங்க தினமும் உக்காந்து பேசுவாங்க. அதுகிட்டயும் பேசுவாங்க. அது பேச்சைக் கத்துக்கிட்டது அங்கதான்.”

“ஆக, இது கண்மாயின் முடிவு அல்ல,” என்றார் வக்கீல். “குடியிருப்பவர்கள் சொல்லிக் கொடுத்த முடிவு. சுய புத்தி இல்லாத ஒன்றை மயக்கி எழுதி வாங்கிய சொத்து.”

நீதிபதி சுகந்தியைப் பார்த்தார். “நீங்க தினமும் அதோட பேசுறவங்க. அதுக்குப் புத்தி தெளிவா இருக்கா, இல்லையா?”

சுகந்தி ராஜாங்கத்தைப் பார்த்தாள். வடக்குத் தெருக்காரர்கள் நின்ற பக்கம் பார்த்தாள். பஞ்சவர்ணம் அவளைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் நமக்காக என்ன சொல்லிவிடப் போகிறாள் என்ற தீர்மானம் அந்த முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் சுகந்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அம்மா, அது மாதிரி ஒரு பிடிவாதக்காரியை நான் பாத்ததில்லை. என் உசிரை எடுக்குது. சோறு திங்க விடாது. அதைக் கிறுக்குன்னு நான் சொல்லியிருக்கேன், ஆயிரம் வாட்டி சொல்லியிருக்கேன். ஆனா கிறுக்குன்னு நெசமாவே நெனைச்சிருந்தா அதோட இம்புட்டுச் சண்டை போட்டிருப்பனா? கிறுக்கோட யாராச்சும் நியாயம் பேசுவாகளா?”

“அப்போ இந்த முடிவு யாரோடது?” என்று வக்கீல் குறுக்கிட்டார். “பேச்சே அடுத்தவங்க பேச்சு.”

“எனக்குப் பேசக் கத்துக்குடுத்தது எங்க அம்மா. அதுக்காக நான் பேசுறதெல்லாம் எங்க அம்மா முடிவாயிருமா? நாலு பக்கமும் மைக் இருந்துச்சு. நாங்க யாரும் போயிப் பேசலை. மனுக் குடுத்தோம், திட்டுனோம். எங்ககிட்டயும் ஏதாச்சும் கத்துக்கிட்டிருந்தா அது திட்டுறதுக்குத்தான் கத்துக்கிட்டிருக்கும். ஒரு வாட்டி எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. அந்தச் சனம் எங்க போகும்னு. எகத்தாளம் பண்ணுதுன்னு நான் கத்திட்டு வந்தேன். பதில் சொல்லாம வந்தவ நானு. புத்தி யாருக்குத் தெளிவா இருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க.”

கூண்டிலிருந்து அவள் இறங்கும்போது ராஜாங்கம் அவளைக் கடந்து போனார். சொந்தம் என்பதற்கு அடையாளமாக ஒரு தலையசைப்புக்கூட இல்லை.

தீர்ப்பு இரண்டு பகுதியாக வந்தது. கண்மாய்க்குப் புத்தி சுவாதீனம் உண்டு, அது எழுதிக் கொடுத்த மேடு செல்லும் என்பது முதல் பகுதி. அதைக் கேட்டு வடக்குத் தெருவில் வெடி வெடித்தார்கள். வெடித்து முடிப்பதற்குள் இரண்டாம் பகுதி வந்து சேர்ந்தது. ஒரு தெருவின் பேச்சே ஒரு நீர்நிலையின் பேச்சாக ஆவது முறையல்ல. ஆகவே பெட்டியில் பதிந்த பேச்சையெல்லாம் துடைத்துவிட்டு, எல்லா மாவட்டத்துக்கும் பொதுவான குரலைப் பொருத்த வேண்டும். இனிமேல் ஊரார் யாரானாலும் ஊராட்சித் தலைவர் முன்னிலையில் மட்டுமே அதனோடு பேசலாம்.

துடைக்க வந்தது ஷெரின்தான். பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். “ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லிக்கங்க அக்கா,” என்றாள்.

சுகந்தி பெட்டியைப் பார்த்து, “தோண்டும்போது வலிக்குமா?” என்று கேட்டாள்.

“வலி இல்லை. உள்ளான் இனிமே வராது, அதுதான்,” என்றது கண்மாய். “வரத்துக்கால்ல கெழக்க ஒரு பாலம் அடைச்சிருக்கு. மழைக்கு முந்திப் பாத்துருங்க. நான் இல்லைன்னா நீங்க மறந்துருவீக.”

அவ்வளவுதான் சொன்னது.

அந்தப் போகம் ஊர் தரிசாகக் கிடந்தது. சிலர் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனார்கள். தமிழரசனின் பட்டறைக்கு அண்ணன் வகையறா யாரும் மோட்டார் கொண்டுவருவதில்லை. அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவளோடு அவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வண்டல் லாரி லாரியாக வடக்குத் தெருவுக்குப் போனது. வீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேட்டின் மேல் கட்டினார்கள். அடுத்த மழையில் தண்ணீர் மேட்டின் அடியில் வந்து நின்றது. மேலே ஏறவில்லை. நடுவில் எவ்வளவு ஆழம் என்று மூங்கிலை விட்டுப் பார்த்தவர்கள் மூங்கிலைப் பறிகொடுத்தார்கள். கடைமடைக்கும் தண்ணீர் போயிற்று. அதற்காக யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

புதுக் குரல் ஆணுமில்லை, பெண்ணுமில்லை. ஒரு நாளும் கோபப்படவில்லை. ‘வணக்கம். நீர்மட்டம் இயல்பு நிலையில் உள்ளது. இவ்வாண்டு உள்ளான் வருகை பதிவாகவில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி,’ என்று வாரம் ஒரு முறை செய்தி அனுப்பியது. ஒரு நாள் வேண்டுமென்றே சுகந்தி அதனிடம், “நாளைக்கு ஒன்னை மூடி பஸ் ஸ்டாண்டு கட்டப் போறோம்,” என்றாள். ‘தங்கள் கருத்து உரிய அலுவலருக்கு அனுப்பப்படும்,’ என்றது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அழுகையா எரிச்சலா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை.

பிறகு பஞ்சவர்ணம் வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

“தலைவரே, நீங்க முன்னால இருந்தா நாங்க அதுகூடப் பேசலாம்னுதானே தீர்ப்பு?”

“ஆமா.”

“அப்ப வந்து இருங்க.”

“எனக்கு வேற சோலி இல்லையா மெம்பரு? நூறு நாள் வேலை, தண்ணி டேங்க், ஒன்றியக் கூட்டம்...”

“சாயங்காலம் வெயில் தாழ வந்தாப் போதும்,” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் சுகந்தி முணுமுணுத்துக்கொண்டே வடக்கு மூலைக்குப் போனாள். இத்தனை வருஷத்தில் அந்தத் துவைகல்லில் அவள் உட்கார்ந்ததே இல்லை. பெண்கள் துணி மூட்டைகளோடு வந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோயிற்று. ஒருத்தி சோப்பைத் தேய்த்தாள். ஒருத்தி தொண்டையைக் கனைத்தாள். அந்த மூலை மைக்கின் சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு காத்திருந்தது.

“பேசுங்க. இதுக்குத்தானே வரச் சொன்னீக,” என்றாள் சுகந்தி.

“நீங்க இருந்தா பேச்சு வர மாட்டேங்குது தலைவரே.”

“அப்ப நான் என்ன செய்யட்டும்? காதைப் பொத்திக்கிறதா?”

“நீங்களும் ஏதாச்சும் பேசுங்க.”

“நான் என்னத்தைப் பேச?”

 தண்ணீர் கல்லில் மோதித் திரும்பியது. சுகந்தி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எதையாவது சொல்லித் தொலைப்போம் என்று பெட்டியைப் பார்த்து வாயைத் திறந்தாள். “எங்க வீட்டுக்காரரு எங்கூடப் பேசுறதில்லை. சோத்தைப் போட்டாத் திங்கிறாரு. தட்டைக் கழுவி வச்சுட்டுப் போயிர்றாரு. கேஸ் முடிஞ்ச நாள்ல இருந்து இப்பிடித்தான்.”

சோப்புத் தேய்த்த கை நின்றது.

‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது,’ என்றது கண்மாய். ‘எதிர்த் தரப்பினரின் பெயரையும் முகவரியையும் தெரிவிக்கவும்.’

ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவளுக்குத் தாங்கவில்லை. சுகந்திக்கே சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சவர்ணம் ஈரக் கையை உதறிவிட்டுப் பெட்டியின் பக்கம் குனிந்தாள்.

“புகார் இல்ல கம்மா. சும்மா சொல்றாக.”

கண்மாய் கேட்டது: ‘சும்மா என்றால் என்ன?’

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்தார்கள்.